அவளுக்கு வந்த கடதாசி

2016ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, முன்னர் என்னிடம் படித்த ஒரு பெண் மண்ணிறக் கடித உறையொன்றைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு என் வீட்டு முற்றத்தில் வந்து நின்றாள். நான் பாடசாலையிலிருந்து ஓய்வுபெற்று 4 ஆண்டுகள் ஆகியிருந்தன. 30 ஆண்டுகளுக்கு மேலாகத் தென்மராட்சிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பித்தவன் என்பதால், வங்கிக் கடிதமோ தூதரகக் கடிதமோ எது வந்தாலும் ஊரவர்கள் அதை என்னிடம் கொண்டு வருவது வழக்கம். அதில் எனக்கு ஓர் அந்தரங்கப் பெருமையும் உண்டு. அந்தப் பெருமை எவ்வளவு போலியானது என்பதை நான் அறிந்துகொள்வதற்கு இந்தக் கடதாசி வர வேண்டியிருந்தது.

“சேர், இது கனடாவிலை இருந்து வந்தது. கூப்பிடுற பேப்பர் எண்டு சொல்லீனம். ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ.”

உறையைப் பிரித்தேன். முதல் தாளின் தலைப்பிலேயே விஷயம் இருந்தது. ஒன்ராறியோ மாகாண உயர் நீதிமன்றத்தில் அவளுடைய கணவன் தாக்கல் செய்த விவாகரத்து விண்ணப்பம் அது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இரண்டாம் தாளைப் புரட்டினேன், மூன்றாம் தாளைப் புரட்டினேன்; வாசிப்பதற்காக அன்று, நேரத்தைக் கடத்துவதற்காக. அவளை உட்காரச் சொல்லித் தேநீர் கொண்டுவரச் செய்துவிட்டு, “பிள்ளை, இது கூப்பிடுகிற பேப்பர் இல்லை” என்றேன்.

அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, “விடுகிற பேப்பரோ சேர்?” என்று கேட்டாள்.

அவர்களுடைய விவாகம் 2004இல் நடந்தது. போர்நிறுத்தம் நிலவிய காலம். ஏ9 வீதி திறந்திருந்தது. கண்டி வீதியில் பஸ்கள் ஓடின. ஊரில் ஒரு நம்பிக்கை இருந்தது. 2006இன் தொடக்கத்தில் அந்த நம்பிக்கை தளரத் தொடங்கியபோது, இளைஞர்களை எப்படியாவது வெளியே அனுப்பிவிட வேண்டும் என்று எல்லா வீடுகளிலும் பேச்சாக இருந்தது. அவளும் தன் தாலிக்கொடி ஒழிந்த நகைகள் அனைத்தையும் அடகு வைத்துக் கணவனை அனுப்பினாள். அவனுக்கு ஆங்கிலத்தில் நற்சான்றுக் கடிதம் எழுதிக் கொடுத்தவன் நானே. அவன் போனபோது அவள் 3 மாதக் கர்ப்பிணி. அந்த ஆகஸ்டு மாதத்தில் ஏ9 வீதி மூடப்பட்டது. குடாநாடு துண்டிக்கப்பட்டு, மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் மக்கள் வரிசையில் நின்ற நாட்களில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. 2012 வரையில் கணவனிடமிருந்து பணம் வந்தது. பின்னர் தொலைபேசி மாத்திரம் வந்தது. அதன் பின்னர் அதுவும் இல்லை. அவள் தைத்த சட்டைகளில் வீடு நடந்தது. ஒரு நாளைக்கு 500, 600 ரூபா.

விண்ணப்பத்தில் ‘பிரிந்து வாழத் தொடங்கிய திகதி’ என்றொரு இடம் இருந்தது. அதில் அவன் குறித்திருந்தது 2006இல் தான் புறப்பட்ட நாளை. பனங்கட்டியும் எள்ளுருண்டையும் கட்டிக் கொடுத்து, பஸ் தரிப்பில் நின்று அவள் வழியனுப்பிய அதே நாள். அதை நான் அவளுக்குச் சொல்லியிருக்கக் கூடாது, சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. “அண்டைக்கோ சேர்?” என்று மாத்திரம் கேட்டாள்.

அந்தத் திகதி வேண்டுமென்றே எழுதப்பட்டதா, கடதாசி நிரப்பிக் கொடுத்த யாரோ ஒருவர் சுலபமாக இருக்கட்டும் என்று எழுதியதா, நான் அறியேன். கனடாவின் 1985ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டப்படி யாருடைய குற்றத்தையும் நிறுவ வேண்டியதில்லை. தம்பதிகள் ஓராண்டு காலம் பிரிந்து வாழ்ந்தார்கள் என்பதே போதும். அதனால் பிரிவுத் திகதி ஒரு கணக்குத்தான். ஆனால் அந்தக் கணக்கின்படி, அவன் அனுப்பிய பணமும் எழுதிய கடிதங்களும் தொலைபேசியில் குழந்தையின் மழலை கேட்டுச் சிரித்த சிரிப்பும் எல்லாம் பிரிந்து போன ஒருவனுடைய தான தருமம் ஆகிவிட்டன.

கடதாசியின் ஒரு மூலையில் இன்னொரு செய்தியும் இருந்தது. கனடாவுக்கும் ஐக்கிய அமெரிக்காவுக்கும் வெளியே இருப்பவர் கடதாசி கையில் கிடைத்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் மறுமொழி தாக்கல் செய்ய வேண்டும். இல்லையேல் அவளைக் கேளாமலே வழக்கு நடக்கும். கடதாசி கைக்கு வந்து எத்தனை நாளாயிற்று என்று விசாரித்தேன். அடுத்த வீட்டுப் பையன் அதைக் கூப்பிடுகிற பேப்பர் என்று சொன்னதை நம்பி, சுவாமிப் படத்தின் கீழ் வைத்து விளக்கேற்றி வந்திருக்கிறாள். 39 நாட்கள் போய்விட்டன.

இனி ஒரு சட்டத்தரணியைத் தேட வேண்டும். ஏழைப் பெண்ணுக்குக் கட்டுப்படியான கூலி கேட்பவராக இருக்க வேண்டும். தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒருங்கே சட்டம் பேசத் தெரிந்தவராகவும் இருக்க வேண்டும். இந்த இரண்டு தகுதிகளும் ஓரிடத்தில் சேர்வது எவ்வளவு அபூர்வம் என்பதை அடுத்த 10 நாட்களில் கண்டேன்.

முதலில் யாழ்ப்பாண நகரில் பெயர் பெற்ற ஒருவரிடம் போனோம். அவருடைய அறையில் 2 மணி நேரம் காத்திருந்தோம். கடதாசியை அவர் 2 நிமிடம் பார்த்தார். ஆங்கிலத்தில் என்னோடு பேசினார். அவளோடு பேசவே இல்லை. வழக்கு அவளுடையது, கணவன் அவளுடையவன், பணமும் அவளே தேட வேண்டியது. ஆனால் அந்த அறையில் அவள் என் குடையைப் போல ஒரு பொருளாக இருந்தாள். ஒரு லட்சம் ரூபா ஆகும், பாதியை முன்னதாகத் தர வேண்டும் என்றார். திரும்பும் வழியில் பஸ்சில் அவள், “சேர், அவர் என்ன சொன்னவர்?” என்று கேட்டாள். நான் தமிழில் சொன்னேன். சொல்லும்போதே, ‘கனடா நீதிமன்றத்தின் நியாயாதிக்கம்’ பற்றி அவர் சொன்னது எனக்கே விளங்கவில்லை என்பதும் தெரிந்தது.

அடுத்தவர் கூலி குறைவாகக் கேட்டார். ஆனால் ஆங்கிலக் கடதாசியைக் கண்டதும் தயங்கினார். இங்கே சாவகச்சேரி நீதிமன்றத்தில் அவளே ஒரு விவாகரத்து வழக்குப் போட்டுவிடட்டும், தமிழிலேயே நடத்தலாம் என்றார். அவர் சொன்னதில் ஓர் உண்மை இருந்தது. வடக்கிலும் கிழக்கிலும் நீதிமன்றங்களின் மொழி தமிழ். 1978 அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரையும் 1988இல் வந்த 16ஆம் திருத்தமும் அதை உறுதி செய்தன. ஆனால் கனடாவில் ஓடிக்கொண்டிருந்த 60 நாள் கணக்கு சாவகச்சேரியில் வழக்குப் போடுவதால் நின்றுவிடாது.

என் தகப்பனார் காலத்தில் இந்தப் பிரச்சினை வேறு வடிவில் இருந்தது. கோட்டுக்குப் போனால் பிரக்கிராசிக்கு ஒரு கூலி, அப்புக்காத்துக்கு வேறொரு கூலி. பிரக்கிராசி கடதாசி தயாரிப்பார். அப்புக்காத்து கறுப்பு அங்கி அணிந்து எழுந்து பேசுவார். பேசுவது ஆங்கிலத்தில். காணியின் சொந்தக்காரன் கூண்டில் நின்று, தன் காணியைப் பற்றித் தனக்குத் தெரியாத பாஷையில் நடக்கும் சம்பாஷணையைப் பார்த்துக்கொண்டிருப்பான். 1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டம் இரு பிரிவினரையும் ஒன்றாக்கிச் சட்டத்தரணி என்று பெயரிட்டது. பெயர் தமிழாயிற்று. அதற்கு முன்னரே நீதிமன்றங்களில் ஆங்கிலத்தின் இடத்துக்குச் சிங்களத்தைக் கொண்டுவரும் வேலை தொடங்கிவிட்டது. 1956ஆம் ஆண்டுச் சிங்களச் சட்டம் வந்தபோது பாராளுமன்றத்தில் அதை எதிர்த்து நின்ற இடதுசாரிகளில் கொல்வின் ஆர். டி சில்வாவும் ஒருவர். தொழிலால் அவர் ஓர் அப்புக்காத்து. ஒரு மொழி மாத்திரம் என்றால் நாடு இரண்டாகும் என்று அவர் எச்சரித்தது எங்கள் தலைமுறை ஆசிரியர்களுக்கெல்லாம் மனப்பாடம். அதே கொல்வின் 1972இல் அரசியலமைப்பு விவகார அமைச்சராக இருந்து முன்னின்று உருவாக்கிய அரசியலமைப்பு, சிங்களமே அரச கரும மொழி என்று எழுதிக்கொண்டது. இதை நாங்கள் அதிகம் பேசுவதில்லை, பேச வேண்டும்.

தமிழுக்கு உரிமை கேட்டு நாம் ஊர்வலம் போனோம். கேட்டதில் ஒரு பங்கு கிடைத்தும் விட்டது. நீதிமன்றத்தில் இப்போது தமிழ் கேட்கிறது. ஆனால் அந்தத் தமிழின் அடியில் கிடக்கும் சட்டம் எந்தப் பாஷையில் இருக்கிறது? மேன்முறையீடு கொழும்புக்குப் போனால் அங்கே வழங்குவது ஆங்கிலம். முற்தீர்ப்புகள் ஆங்கிலம். எங்கள் சொந்தச் சட்டம் என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் தேசவழமையும் இந்த விதிக்குத் தப்பவில்லை. ஒல்லாந்த தேசாதிபதி சைமன்சின் கட்டளைப்படி யாழ்ப்பாணத்துத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் 1707இல் அதைத் தொகுத்தார். தொகுத்த பாஷை ஒல்லாந்தம். பின் அதைத் தமிழில் பெயர்த்து 12 முதலிமார்களிடம் காட்டினார்கள். அவர்களும் சரி என்றார்கள். 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் ஆங்கிலேயர் அதற்குச் சட்ட பலம் கொடுத்தார்கள். யாழ்ப்பாணத்துப் பெண்ணின் சீதனம் எது, முதுசம் எது, தேடியதேட்டம் எது என்பதைப் பற்றி ஒரு பறங்கி எழுதி, 12 ஆண்கள் சரிபார்த்து, இன்னொரு பறங்கி முத்திரை குத்தினான். ஒரு பெண்ணிடமாவது யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இதெல்லாம் பழங்கதை என்று எண்ணியிருந்தேன். அந்த வாரத்திலேயே அது எங்கள் முன் வந்து நின்றது.

பணத்துக்கு வழி தேடியபோது அவளுடைய தாய்மாமன் ஒரு யோசனை சொன்னார். மீசாலையில் அவளுக்குச் சீதனமாக எழுதிய 2 பரப்புக் காணி இருக்கிறது. அதை ஈடு வைக்கலாம். உறுதியை எடுத்துக்கொண்டு நொத்தாரிசிடம் போனோம். அவர் வயோதிபர், நல்ல மனிதர். உறுதியைப் பார்த்தார், அவளுடைய கழுத்தைப் பார்த்தார்.

“பிள்ளை, புருஷன்ரை கையெழுத்து வேணுமே.”

“அவரை விடுறதுக்குத்தான் ஐயா காசு தேடுறன்.”

“அது விளங்குது. எண்டாலும் சட்டம் அப்படி.”

1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச்சட்டத்தின் 6ஆம் பிரிவு அன்று சொன்னது அதுதான். தேசவழமைக்கு உட்பட்ட விவாகமான பெண், நகையையும் மாட்டையும் தன் விருப்பப்படி விற்கலாம். சாகும்போது காணியை மரண சாதனத்தில் யாருக்கும் எழுதலாம். உயிரோடு இருக்கும்போது தன் சொந்தக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். இறந்த பின் இருக்கும் சுதந்திரம் இருக்கும்போது இல்லை. கணவனுடைய காணிக்கு மனைவியின் சம்மதம் வேண்டும் என்று அந்தச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. மலைநாட்டிலோ கரைநாட்டிலோ வாழ்ந்த சிங்களப் பெண்ணுக்கும், ஏன், மட்டக்களப்புத் தமிழ்ப் பெண்ணுக்கும் இந்தக் கட்டு இருக்கவில்லை. நம்முடைய தனித்துவம் என்று நாம் கட்டிக் காத்தவற்றுள் இதுவும் ஒன்று.

நொத்தாரிசு இன்னுமொன்று சொன்னார். கணவன் கைவிட்டுப் போயிருந்தால், அல்லது அவன் இருக்குமிடம் தெரியாவிட்டால், அல்லது நியாயமின்றிச் சம்மதம் மறுத்தால், அவனுடைய சம்மதம் இல்லாமலே காணியைக் கையாள அனுமதி கேட்டு மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். அதே சட்டத்தின் 8ஆம் பிரிவு. நான் சற்று உற்சாகமடைந்தேன். அவள் தெளிவாகக் கேட்டாள்: “அந்த மனுவுக்கு ஆர் ஐயா எழுதித் தாறது? அவருக்கு எவ்வளவு?”

சட்டத்தரணியை அமர்த்தப் பணம் வேண்டும். பணத்துக்குக் காணி ஈடு வைக்க வேண்டும். காணியை ஈடு வைக்கக் கணவனின் கையெழுத்து வேண்டும். கையெழுத்து இல்லாமல் செய்ய நீதிமன்ற அனுமதி வேண்டும். அனுமதிக்குச் சட்டத்தரணி வேண்டும். செக்கைச் சுற்றும் மாட்டின் பாதைகூட இதைவிட நேரானது.

ஊர்ப் பெரியவர்கள் இலவசமாக வழங்கிய ஆலோசனைகளையும் குறிப்பிட வேண்டும். ‘குடும்பப் பெண் கோடேறலாமோ’ என்றார் ஒருவர். கடதாசியைத் திருப்பி அனுப்பிவிட்டுப் பேசாமல் இரு, தாலி கழுத்தில் இருக்கும் என்றார் வேறொருவர். மூன்றாமவர் கொஞ்சம் சட்டம் தெரிந்தவர். தேடியதேட்டத்தில் பாதி உனக்குத்தான், கனடா வீட்டிலும் பாதி கேள் என்று சொல்லிவிட்டுப் போனார். தேடியதேட்டத்தைப் பற்றிய கணக்கை 1947ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கத் திருத்தமே மாற்றிவிட்டது. ஊர் இன்னும் பழைய கணக்கைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. திருத்தம் ஆங்கிலத்தில் வந்தது. வதந்தி தமிழில் இருக்கிறது. எது வேகமாகப் பரவும்?

50ஆம் நாள் காலையில்தான் எங்களுக்கு ஒரு வழி திறந்தது. அவளிடம் சட்டை தைக்கும் ஒரு பெண், கண்டி வீதிக்குப் பின்னால் ஒழுங்கையொன்றில் ஓர் அறை எடுத்துத் தொழில் செய்யும் இளம் பெண் சட்டத்தரணியைப் பற்றிச் சொன்னாள். தகப்பன் வெங்காயச் செய்கைக்காரர். கொழும்பில் சட்டம் படித்துவிட்டு அங்கேயே இருந்துவிடாமல் ஊருக்குத் திரும்பியவள். அறையில் ஒரு மேசை, மூன்று கதிரைகள், ஒரு பழைய மின்விசிறி. நான் வழக்கம்போல ஆங்கிலத்தில் விஷயத்தை விளக்கத் தொடங்கினேன். அவள் மரியாதையாக என்னைத் தடுத்து, “சேர், அக்கா சொல்லட்டும்” என்றாள்.

அக்கா சொன்னாள். முதல் முறையாக ஒரு மேசையின் முன் உட்கார்ந்து, தன் வாயால், தன் பாஷையில், 12 ஆண்டுக் கதையைச் சொன்னாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. எனக்கே தெரியாத பல விஷயங்கள் அதில் இருந்தன.

பிறகு அந்தப் பெண் கடதாசியை எடுத்தாள். ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் வாசித்து, உடனே தமிழில் சொல்லி, “விளங்குதோ அக்கா?” என்று கேட்டுக்கேட்டுப் போனாள். “நான் வாசிச்சு முடிக்கும் வரை எதிலையும் கையெழுத்து வையாதேங்கோ. நான் எழுதுறதிலையும் வையாதேங்கோ” என்றும் சொன்னாள். நான்காம் தாளுக்கு வந்ததும் நிறுத்தினாள்.

“அக்கா, உங்களுக்கு மகள் இருக்கிறா எண்டு சொன்னீங்கள்.”

“ஓம், 9 வயசு.”

“இதிலை பிள்ளைகள் ஒருவரும் இல்லை எண்டு இருக்கு.”

நான் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தேன். பிள்ளைகளின் பெயரும் பிறந்த திகதியும் எழுத வேண்டிய கட்டம் அது. கோடு இழுத்து விடப்பட்டிருந்தது. அந்தக் கோட்டை நான் முன்னரே பார்த்தேன். பார்த்தும் வாசிக்கவில்லை. எழுத்துகளை வாசிக்கப் பழகியவன் நான். எழுதாமல் விட்ட இடத்தை வாசிக்க எனக்குத் தெரிந்திருக்கவில்லை. 30 ஆண்டுகள் ஆங்கிலம் படிப்பித்த என் கண்ணுக்குப் பிரிந்த திகதி பட்டது. அது மனதை உருக்கும் விஷயம். வழக்கின் உயிர்நாடி அந்த வெற்றுக் கோட்டில் இருந்தது. கனடாவின் சட்டம் விவாகரத்துக் கொடுக்கும் முன்னர், அந்த விவாகத்துப் பிள்ளைகளின் பராமரிப்புக்குத் தக்க ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறதா என்று திருப்தியடைய வேண்டிய கடமையை நீதிபதியின் தலையில் வைத்திருக்கிறது. ஏற்பாடு இல்லையென்றால் விவாகரத்தை நிறுத்தி வைக்க வேண்டும். பிள்ளை இல்லை என்றால் அந்தக் கேள்வியே எழாது.

தாய் அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகு நேரம் இருந்தாள். “என்னை விடட்டும் தங்கச்சி. பிள்ளை பிறக்கேல்லை எண்டு எழுதலாமோ?” என்றாள். அப்போதுதான் அவள் அழுதாள்.

சாவகச்சேரியில் வழக்குப் போடுவதைப் பற்றியும் பேசினோம். எங்கள் நாட்டில் அன்றிருந்த சட்டம், 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச்சட்டம். அதன்படி விவாகரத்துக்கு மூன்றே காரணங்கள்: விபசாரம், தீய எண்ணத்துடன் கைவிடுதல், விவாக வேளையிலேயே இருந்த தீராத ஆண்மையின்மை. இரண்டாவதுதான் பொருந்தும் என்று சட்டத்தரணி விளக்கினாள். இவள் உடனே மறுத்தாள். “தீய எண்ணத்தோடை அவர் போகேல்லைத் தங்கச்சி. நான்தான் நகையை அடகு வைச்சு அனுப்பினனான்.” போகும்போது நல்ல எண்ணம் இருந்து பிறகு திரும்பி வர மறுப்பதும் அதில் அடங்கும் என்று சட்டத்தரணி சொன்ன பின்னரும் அவளுக்கு மனம் ஒப்பவில்லை. ஒருவரைத் தீயவர் என்று நிறுவாமல் பிரிய முடியாத சட்டம் ஒரு கரையில். எவரையும் எதுவும் கேளாமல் ஓராண்டுக் கணக்கில் பிரித்துவிடும் சட்டம் மறுகரையில். இரண்டுக்கும் நடுவே ஒரு சமுத்திரமும் ஒரு பெண்ணும்.

1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் இங்கே நீதவான் நீதிமன்றத்தில் பிள்ளைக்குப் பணம் கேட்டு விண்ணப்பிக்கலாம் என்றும், கட்டளை பெறுவது கடினமன்று, கடல் கடந்து வசூலிப்பதுதான் கடினம் என்றும் அவள் ஒளிக்காமல் சொன்னாள். பிடி கனடா நீதிமன்றத்தில் இருக்கிறது. அங்கேதான் பிடிக்க வேண்டும். காணி மனுவுக்குச் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அந்த ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணத்திலும் நிலையம் உண்டு. வருமானம் குறைந்தவர் என்பதற்கு கிராம அலுவலரின் சான்று வேண்டும் என்று சொல்லி, எந்த நாள், எந்தக் கடதாசிகளோடு போக வேண்டும் என்றும் ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தாள். இந்தியாவில் 1987ஆம் ஆண்டின் சட்ட சேவை அதிகாரங்கள் சட்டப்படி, பெண் என்பதே இலவச உதவிக்குத் தகுதி, வருமானம் கேட்பதில்லை. நம் நாட்டில் வறுமையை முதலில் நிறுவ வேண்டியிருக்கிறது. அதற்கு ஒரு நாள் கூலி போகும்.

செல்வந்த நாடுகளும் இதில் வெகுதூரம் போய்விடவில்லை. 1949இல் ஏழைகளுக்குச் சட்ட உதவிச் சட்டம் இயற்றிப் பெயர் வாங்கிய பிரித்தானியாவில், 2013 ஏப்ரல் முதல் இங்கிலாந்திலும் வேல்சிலும், வீட்டு வன்முறைக்குச் சான்று இருந்தாலன்றிப் பெரும்பாலான குடும்ப வழக்குகளுக்கு அந்த உதவி நிறுத்தப்பட்டது. என் தலைமுறையினர் சோவியத் நாட்டை உதாரணம் காட்டுவார்கள். 1917 டிசம்பரில், புரட்சி நடந்து இரண்டு மாதங்களுக்குள், ஒரு விண்ணப்பத்தோடு விவாகரத்துப் பெறலாம் என்ற ஆணை அங்கே வந்தது உண்மை. 1944இல் அதே நாடு விவாகரத்தை நீதிமன்றத்துக்குள் தள்ளி, 500 முதல் 2000 ரூபிள் வரை கட்டணம் வைத்ததும் உண்மை. முதலாவதைச் சொல்கிறவர்கள் இரண்டாவதையும் சொல்ல வேண்டும்.

கூலிக்கு வருகிறேன். அந்த இளம் பெண் கேட்டது 15,000 ரூபா. மாதம் 3,000 வீதம் 5 தவணை. இலவசமாகச் செய்து தருகிறேன் என்று அவள் சொல்லாதது எனக்குப் பிடித்திருந்தது. அவளுக்கும் அறை வாடகை உண்டு, தம்பிமார் உண்டு. தருமமாகக் கிடைக்கும் சட்டத்தைக் கேள்வி கேட்க முடியாது. கூலி கொடுத்தவள் கேட்கலாம். ஆனால் குறைந்த கூலி என்பது சட்டத்தரணியின் கூலியோடு முடிவதில்லை. விவாகப் பதிவுத் துண்டும் பிள்ளையின் பிறப்பத்தாட்சிப் பத்திரமும் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட வேண்டும். சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளருக்குப் பக்கக் கணக்கில் பணம். கணவன் எழுதிய கடிதங்களில் பிள்ளையைப் பற்றி எழுதியவற்றைத் தேடி எடுத்தோம், 11 கடிதங்கள். அவற்றுக்கும் அதே கணக்கு. கூரியர் செலவு வேறு. இவை எல்லாவற்றுக்குமாக அவள் தையல் இயந்திரத்தின் முன் இரவு 12 மணி வரை இருந்தாள். கடிதங்களை ஆங்கிலத்தில் பெயர்க்கும் வேலையை நான் செய்ய முன்வந்தேன். என் மொழிபெயர்ப்புச் செல்லாது, முத்திரை உள்ளவர் செய்ய வேண்டும் என்று சட்டத்தரணி சொன்னாள். நான் தமிழ்ப் பிரதிகளை நல்ல கையெழுத்தில் பார்த்தெழுதிக் கொடுத்தேன். அது ஒன்றுதான் நான் செய்த வேலை.

மறுமொழியில் விவாகரத்தை அவள் எதிர்க்கவில்லை. பிரிந்த திகதி 2012 என்று எழுதினாள். பிள்ளையின் பெயரையும் பிறந்த திகதியையும் எழுதி, பராமரிப்புப் பணம் கோரினாள். கையெழுத்து வைக்கும் முன்னர் சட்டத்தரணி இரண்டு பாஷையிலும் ஒரு முறை முழுவதும் வாசித்தாள். மீண்டும் தமிழில் மாத்திரம் ஒரு முறை வாசிக்கும்படி இவள் கேட்டாள். ரொறன்ரோவில் இருக்கும் ஒன்றுவிட்ட தமையன் ஒருவன் ஒரு நாள் வேலையை விட்டு அதை நீதிமன்றத்தில் கொண்டுபோய்க் கொடுத்தான். அது 57ஆம் நாள்.

ஆவணி மாதத்தில் அங்கிருந்து இன்னொரு கடதாசி வந்தது. கணவன் தன் விண்ணப்பத்தைத் திருத்திக் கொடுத்திருந்தான். பிள்ளைகள் என்ற கட்டத்தில் இப்போது ஒரு பெயர் இருந்தது. பணம் இன்னும் வரவில்லை; எவ்வளவு என்பது தீரவில்லை; அவனுக்கு அங்கே வேறு செலவுகள் இருப்பதாக அவனுடைய சட்டத்தரணி எழுதியிருந்தார். காணி மனுவும் தவணை மேல் தவணை போய்க்கொண்டிருந்தது. மகள் அந்தத் தாளைத் தாயிடமிருந்து வாங்கி, எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, தன் பெயரில் ஓரெழுத்துப் பிழை என்று என்னிடம் முறையிட்டாள். உண்மைதான், பிழை இருந்தது. சிவப்புப் பேனையால் திருத்த அவள் ஆயத்தமானபோது நாங்கள் எல்லோரும் சேர்ந்து தடுக்க வேண்டியதாயிற்று.

கடைசித் தவணை 3,000 ரூபாவைக் கொடுக்கப் போன நாளில் நானும் கூடப் போயிருந்தேன். சட்டத்தரணி பற்றுச்சீட்டைத் தமிழில் எழுதிக் கொடுத்தாள். இவள் அதை உடனே மடித்து வைக்கவில்லை. யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, திகதி, தொகை, இன்னதற்காக என்று ஒவ்வொன்றாக வாசித்தாள். பிறகு, “தங்கச்சி, இதிலை ‘முற்றாக’ எண்டு எழுதேல்லை” என்றாள்.

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சீட்டை வாங்கி, அந்தச் சொல்லையும் எழுதிக் கொடுத்தாள்.